அகர் தட்டில் தொடங்கும் சிப்பிக்காளான்

சிப்பிக்காளான் வளர்ப்பைப் பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை காளான் வித்துப் பொட்டலத்திலிருந்தே, அதாவது காளானின் பூசண இழை படர்ந்த தானியத்திலிருந்தே, தொடங்குகின்றன. வித்தை வாங்கி வந்து, வேகவைத்த வைக்கோலுக்கு இடையில் அடுக்கடுக்காகத் தூவி, பையைக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்பதே அவற்றின் முதல் படியாக இருக்கிறது. வித்து ஆய்வகத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்கு அது போதுமானது. இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்னும் கடற்கரை ஊரில் வசிக்கும் எனக்கு அது போதவில்லை. வெளியூரிலிருந்து பேருந்தில் ஏற்றி அனுப்பப்படும் வித்து, பகல் வெயிலில் சாமான்களுக்கு இடையில் சில மணிநேரம் புழுங்கிவிட்டு இங்கே வந்து சேரும்போது, பொட்டலத்தின் உட்புறம் வியர்த்து, தானியம் லேசான புளிப்பு வாடையுடன் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பூசண இழைகள் தாமும் மூச்சுவிட்டு வெப்பத்தை வெளியிடுகின்றன. நெருக்கி அடைத்த பையின் நடுவில் அந்த வெப்பமும் வெளி வெப்பமும் சேர்ந்துகொண்டால், வெண்மையாகத் தோன்றும் வித்துகூட உள்ளே வலுவிழந்துவிடும். அந்த வித்தை வைத்துக் கட்டிய படுக்கையில் பச்சைப் பூசணம் தலைகாட்டும்போது இரண்டு வாரங்கள் கழிந்திருக்கும். வைக்கோலும் விறகும் உழைப்பும் அதற்குள் செலவாகியிருக்கும்.

வித்தை வீட்டிலேயே தயாரிக்க வேண்டும் என்றால், அதற்குக் கலப்பில்லாத தாய் வளர்ப்பு ஒன்று, அதாவது வேறு கிருமி சேராத காளான் இழை, கையில் இருக்க வேண்டும். அதை எடுத்து வளர்க்கும் இடம் அகர் தட்டு; கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரால் உறையவைத்த ஊட்டக் கூழ் ஊற்றிய சிறு தட்டு அது. தட்டு என்றவுடன் ஆய்வகமும் வெள்ளை அங்கியும் நினைவுக்கு வருவதால் பலர் தயங்குகிறார்கள். என் அனுபவத்தில், மிகக் குறைந்த செலவில் இழக்கக்கூடிய இடம் தட்டுதான். சில ரூபாய் பெறும் கூழில் மூன்றாம் நாளே கெடுதல் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அதே கெடுதல் தானியத்தில் தெரிய ஒரு வாரமும், வைக்கோலில் தெரிய அதைவிடக் கூடுதலான காலமும் ஆகும். உப்பும் ஈரமும் புழுதியும் சேர்ந்த காற்று வீசும் இந்தக் கரையில், கெட்டதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அந்த ஒரு வசதிக்காகவே நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அகர் இந்தக் கரைக்கு அந்நியமான பொருளன்று. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் மூழ்கிப் பறித்து, மணலில் பரப்பிக் காயவைத்து விற்கிறார்கள். அது மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குச் சென்று அகராகிறது. நோன்பு மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போடும் கடற்பாசியும் இதே பொருள்தான். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா என் தட்டுகளைப் பார்த்துவிட்டு, “என்னத்தா, நோன்புக் கடப்பாசியிலயா காளான் வளக்கிறே?” என்று கேட்டார். “ஆமா பெரியம்மா, பாலுக்குப் பதிலா உருளைக்கிழங்குத் தண்ணி” என்றேன். அவர் சிரித்தாலும், நடந்த வரலாறும் ஏறக்குறைய அதுதான். 1881ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் நுண்ணுயிர்களை வளர்க்க ஜெலட்டின் கூழைப் பயன்படுத்தி வந்தார்கள். கோடையில் அது உருகி ஆய்வைக் கெடுத்தது. நுண்ணுயிர் ஆய்வாளர் ராபர்ட் கோக்குடன் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் பழக்கத்தில் இருந்த அகரைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பியவர்களிடமிருந்து அவர் அதை அறிந்திருந்தார். கோக்கின் உதவியாளராக இருந்த பெட்ரி, தம் பெயரால் அழைக்கப்படும் மூடியுள்ள தட்டை 1887இல் அறிமுகப்படுத்தினார்.

ஜெலட்டினை உருக்கிய ஜெர்மானியக் கோடை நம் ஊர்ச் சித்திரையின் பக்கத்தில்கூட நிற்காது. உருகிய அகர் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போதுதான் உறையத் தொடங்குகிறது. ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரியை நெருங்கும்வரை உருகுவதில்லை. ஆகவே ஓட்டு வீட்டின் நண்பகல் வெப்பத்திலும் தட்டு தட்டாகவே இருக்கும். அத்துடன், பெரும்பாலான பூஞ்சைகளால் அகரைச் செரிக்க முடியாது என்பதால், நாம் கொடுத்த சர்க்கரையை மட்டும் அவை தின்கின்றன. அடித்தளம் அப்படியே நிற்கிறது.

மளிகைக் கடையில் வெண்ணிற இழைகளாகவோ தூளாகவோ கிடைக்கும் அகரே போதுமானது. சர்க்கரையும் வாசனையும் சேர்த்து விற்கப்படும் கடற்பாசிப் பொட்டலங்களை மட்டும் தவிர்க்க வேண்டும். கடற்கரையில் கிடைக்கும் கஞ்சிப்பாசியை நாமே காய்ச்சினால் என்ன என்ற ஆசை இங்கே யாருக்கும் வரும். தின்பதற்கு அது பொருந்தும்; தட்டுக்குப் பொருந்தாது. ஆலையில் காரத்தில் வேகவைத்து, உறையவைத்து உருக்கி, உப்பையும் கந்தகக் கூறுகளையும் குறைத்த பிறகுதான் அந்தப் பாசியின் கூழ் உறுதி பெறுகிறது. வீட்டில் காய்ச்சிய கூழ் நீர்விட்டுக்கொண்டே இருப்பதுடன், கத்தி பட்டவுடன் கிழிந்தும் போகிறது.

ஊட்டக் கூழுக்கு உருளைக்கிழங்கு முறையே எளியது. ஒரு லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு, 20 கிராம் குளுக்கோஸ், 20 கிராம் அகர் என்பது எங்கும் வழங்கும் அளவு. வீட்டுக்குக் கால் லிட்டர் போதும் என்பதால், 50 கிராம் கிழங்கைத் தோல் சீவி நறுக்கி, குழையாமல் 20 நிமிடம் வேகவைத்து, தண்ணீரை மட்டும் மெல்லிய துணியில் வடித்து, 5 கிராம் குளுக்கோஸும் 5 கிராம் அகரும் சேர்த்துக் கால் லிட்டர் ஆக்கிக்கொள்கிறேன். குளுக்கோஸ் எந்த வாசனையும் சேராததாக இருக்க வேண்டும். இனிப்புக்குப் பயன்படுத்தும் பச்சை நிறத்தில் சில துளிகள் விட்டால், வெண்ணிற இழை அதன்மேல் பளிச்சென்று தெரியும். கண் சற்று மங்கியவர்களுக்கு இது பெரிய உதவி.

கிருமி நீக்கத்துக்கு வீட்டுப் பிரஷர் குக்கரே போதும். எடை போட்ட குக்கருக்குள் உண்டாகும் அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 121 டிகிரிக்கு உயர்கிறது. ஆய்வகத்து ஆட்டோகிளேவ் செய்யும் வேலையும் அதுதான். எடையைப் போடுவதற்கு முன்னால் ஆவியைச் சில நிமிடம் தடையின்றி வெளியேறவிட வேண்டும். உள்ளே காற்று தங்கினால், அழுத்தம் இருந்தும் வெப்பம் குறைவாகவே இருக்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கூழுக்கு 20 முதல் 30 நிமிடம் வைத்தால் போதும். நேரம் கூடினால் சர்க்கரை கருகிக் கூழ் பழுப்பாகிவிடும். இறக்கியவுடன் எடையைத் தூக்கி ஆவியைப் பிடுங்கிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் பாட்டிலுக்குள் கூழ் பொங்கி, பஞ்சு அடைப்பை நனைத்துவிடும். நனைந்த பஞ்சு பூசணம் நுழைவதற்கு வாசலாகிவிடும்.

கடையில் விற்கும் நெகிழி பெட்ரித் தட்டுகள் குக்கர் வெப்பத்தைத் தாங்காமல் நெளிந்துபோகும். அவற்றில் ஊற்றுவதென்றால், கூழைத் தனியே கிருமி நீக்கி, பாட்டிலைக் கையால் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு ஆறவைத்து, அசையாத காற்றில் ஊற்ற வேண்டும். அதிகச் சூட்டில் ஊற்றினால் மூடியின் உட்புறம் நீர் கோத்து, சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்து, ஒரு மூலையில் இருந்த கிருமியைத் தட்டு முழுவதும் பரப்பிவிடும். நான் இப்போது பெரும்பாலும் தட்டையான சிறு கண்ணாடிக் குப்பிகளையோ, அடியில் 5 என்ற எண் பொறித்த பாலிப்ரோப்பிலீன் கிண்ணங்களையோ பயன்படுத்துகிறேன். கூழை அவற்றிலேயே ஊற்றி, மூடியை லேசாகத் திருகி, அப்படியே குக்கரில் வைத்துவிடலாம். ஊற்றும் வேலை முன்கூட்டியே முடிந்துவிடுவதால், திறந்த காற்றில் வைக்கும் நேரமே இல்லை. ஊருக்கு வெளியே புழுதிக் காற்றில் வசிப்பவர்களுக்கு இந்த முறையைத்தான் சிபாரிசு செய்வேன்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்தில் இருக்கும் எங்கள் ஊரில், கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் புழுதியும் சன்னல் இடுக்கு வழியாகக்கூட நுழைந்துவிடும். வாடைக் காலத்தில் மழை ஈரம் சுவரில் ஏறி, அலமாரியின் பின்புறம் பூசணம் பூத்துவிடும். ஆகவே இரண்டு பருவங்களுக்கும் இரண்டு விதமான கவனம் வேண்டும். கச்சான் மாதங்களில் விடியற்காலை, காற்று அடங்கியிருக்கும் சிறு பொழுதில்தான் தட்டு வேலை செய்கிறேன். தரையை அதற்கு முன் ஈரத்துணியால் துடைத்து, விசிறியை நிறுத்தி, புழுதி படியக் கால் மணிநேரம் கதவை மூடிவைத்த பிறகே தொடங்குவேன். மழைக்காலத்தில் இடத்தையே மாற்றிக்கொள்கிறேன். ஈரச் சுவரின் பக்கம் போகாமல், அடுப்பங்கரைச் சூட்டில் உலர்ந்திருக்கும் மேசையில் வேலை செய்கிறேன்.

பெரிய ஒளி ஊடுருவும் நெகிழிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, பக்கவாட்டில் கைகள் நுழையும் அளவுக்கு இரண்டு துளைகள் வெட்டினால், அதுவே காற்று அசையாத பெட்டியாகிவிடும். விலை மிகுந்த காற்று வடிகட்டும் மேசைக்கு இது ஈடில்லை. வீட்டளவில் இதுவே போதும். பெட்டியின் உட்புறத்தையும் கைகளையும் 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். செறிவு கூடினால் நல்லது என்று நினைப்பது தவறு. சற்று நீர் கலந்த ஆல்கஹால்தான் கிருமியின் புரதத்தை ஊடுருவிச் சிதைக்கிறது. நீரற்றது விரைவாக ஆவியாகிவிடுகிறது. இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை உண்டு. மூடிய பெட்டிக்குள் ஆல்கஹாலைத் தெளித்துவிட்டு ஸ்பிரிட் விளக்கை ஏற்றவே கூடாது. தேங்கிய ஆவி ஒரு நொடியில் பற்றிக்கொள்ளும். கத்தியைப் பெட்டிக்கு வெளியே, தள்ளி வைத்த விளக்கில் பழுக்கக் காய்ச்சி, கையில் ஆல்கஹால் ஈரம் முழுமையாக உலர்ந்த பிறகு உள்ளே கொண்டுபோவதே பாதுகாப்பானது. கிருமி நீக்கிய சர்ஜிக்கல் பிளேடுகளை உறை பிரித்துப் பயன்படுத்தினால் தீயே தேவைப்படாது.

தாய் வளர்ப்பை எடுக்க, நன்றாக விளைந்த, ஆனால் விளிம்பு இன்னும் மேல்நோக்கி விரியாத இளம் காளான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொத்திலேயே பெரியது, விரைவாக வந்தது, தண்டு குட்டையாகவும் குடை தடிமனாகவும் இருப்பது எதுவோ அதையே எடுக்கிறேன். ஏனெனில் தட்டில் வளர்வது அந்தக் காளானின் நகல்தான், அதன் குணங்களும் கூடவே வரும். தண்ணீர் தெளித்த உடனே எடுத்த காளான் வேண்டாம். ஈரம் குடித்த தசையில் பாக்டீரியா மிகுதியாக இருக்கும். காளானைக் கத்தியால் அறுக்காமல் கையால் நீளவாக்கில் கிழித்தால், உள்தசை எதுவும் படாமல் திறந்துகொள்ளும். தண்டும் குடையும் சேரும் இடத்திலிருந்து அரிசி அளவு தசையைக் கத்தி முனையில் எடுத்து, தட்டின் நடுவில் வைத்து, மூடியைச் சுற்றி மைக்ரோபோர் டேப் (காற்று புகும் மருத்துவ ஒட்டுநாடா) ஒட்டிவிட வேண்டும். ஒரே காளானிலிருந்து சில தட்டுகள் போட்டுக்கொள்வது அறிவுடைமை.

இதற்குப் பிறகு வருவதே இந்தக் கலையின் சாரம் என்று நினைக்கிறேன். தட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டால் மீதியெல்லாம் கைப்பழக்கம். இரண்டு மூன்று நாளில் தசைத் துண்டின் விளிம்பில் வெண்பஞ்சு போன்ற இழைகள் தெரியும். நம் கரையின் சாதாரண வெப்பத்தில், ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் தட்டு நிறைந்துவிடும். சிப்பிக்காளானின் இழை தூய வெண்மையாக, அடர்த்தியாக, நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் பரவும். துண்டைச் சுற்றி மினுமினுப்பான, சளி போன்ற வளையம் தெரிந்தால் அது பாக்டீரியா; மோந்து பார்த்தால் புளிப்போ அழுகலோ அடிக்கும். வெண்மையாகத் தொடங்கி, இரண்டொரு நாளில் நடுவிலிருந்து பச்சையாக மாறினால் அது ட்ரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூசணம். அது தொடக்கத்தில் வெண்மையாகவே இருப்பதுதான் சிக்கல். இழை மிக மெல்லியதாக, தரையோடு தரையாக, நம் காளானைவிட வேகமாக ஓடுவதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். கரும்புள்ளிகளாகப் பொடி தூவியது போல் வருவது ஆஸ்பெர்ஜில்லஸ். ஈரமும் வெப்பமும் கூடிய நாள்களில் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சுபோல எழும்பி மூடியைத் தொட்டுவிடும் நியூரோஸ்போராவைக் கண்டால், தட்டைத் திறக்காமலே குக்கரில் வைத்து வேகவைத்துவிட வேண்டும். திறந்தால் அதன் நுண்வித்துக்கள் அறை முழுவதும் பரவி, பல வாரங்களுக்குத் தொல்லை கொடுக்கும்.

கெட்ட தட்டையெல்லாம் தூக்கி எறிய வேண்டியதில்லை. பாக்டீரியா மட்டும் ஒரு பக்கம் இருந்து, எதிர்ப்பக்கத்தில் இழை தெளிவாக முன்னேறியிருந்தால், அந்த முன்விளிம்பிலிருந்து சிறு துண்டை வெட்டிப் புதிய தட்டில் வைக்கலாம். இழை ஓடும் வேகத்தில் பாக்டீரியா பின்தங்கிவிடும். பச்சைப் பூசணம் நுண்வித்துக்களை உதிர்த்துவிட்ட தட்டில் இந்தத் துணிச்சல் வேண்டாம். கலப்பில்லாத தட்டிலும், நடுவில் இருக்கும் பழைய இழையை விட்டுவிட்டு விளிம்பில் இருக்கும் இளம் இழையையே எடுக்க வேண்டும். சில தட்டுகளில் ஒரு விசிறி வடிவப் பகுதி மட்டும் மற்றதைவிட விரைவாகவோ, வேறு தோற்றத்திலோ வளரும். பஞ்சுபோலப் பொங்கி எழும் பகுதி பார்வைக்கு அழகாக இருந்தாலும், படுக்கையில் அது சோம்பேறியாகக் காளான் கொடுக்காமல் போவதையே கண்டிருக்கிறேன். தரையோடு ஒட்டி, நரம்பு நரம்பாக ஓடும் பகுதியை நம்பலாம். இந்தத் தேர்வைத் தானியத்தில் செய்ய முடியாது. தட்டு இரு பரிமாணத்தில் விரித்துக் காட்டுவதால்தான் செய்ய முடிகிறது.

தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் வளர்ப்பு மெல்ல மெல்லக் கிழடு தட்டும். வேகம் குறையும், விளைச்சலும் குறையும். ஆகவே முதல் தலைமுறைத் தட்டிலிருந்தே சிலவற்றைச் சேமிப்புக்கு ஒதுக்கிவிட வேண்டும். வெள்ளைச் சிப்பிக்காளானின் வளர்ப்பை, கூழைச் சாய்த்து உறையவைத்த சாய்வுக் குப்பிகளில் வைத்துக் குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் சில மாதங்கள் வைத்திருக்கலாம். இளஞ்சிவப்புச் சிப்பிக்காளானுக்கு இது பொருந்தாது. வெப்ப மண்டலத்தைச் சேர்ந்த அந்த இனம் குளிரில் செத்துப்போகும்; பால் காளானும் அப்படியே. குளிர்பதனப் பெட்டியில் வைத்த வளர்ப்பு உயிர்த்தெழவில்லை என்று புலம்புவோரிடம் முதலில் இனம் என்ன என்று கேட்க வேண்டும். மின்தடை மிகுந்த நாள்களைக் கருதி, நான் எல்லா இனங்களுக்கும் இன்னொரு முறையையும் கையாள்கிறேன். கிருமி நீக்கிய வாலை வடிநீர் சிறு குப்பியில் இருக்க, அதில் இழை படர்ந்த அகர்த் துண்டுகள் சிலவற்றைப் போட்டு இறுக மூடி, இருண்ட அலமாரியில் வைத்துவிட்டால், உணவில்லாத நீரில் இழை உறக்க நிலையில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். வேண்டும்போது ஒரு துண்டை எடுத்துப் புதிய தட்டில் வைத்தால் விழித்துக்கொள்ளும். மின்சாரம் தேவைப்படாத இந்த முறையைப் பற்றித் தமிழில் யாரும் பேசி நான் கேட்டதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

தட்டு கைவசமான பிறகு, தாய் வித்துத் தயாரிப்பு அதன் தொடர்ச்சிதான். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துச் சோளம் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. கழுவிய சோளத்தை இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். இது தானியம் மென்மையாவதற்காக மட்டுமன்று. வெப்பத்தைத் தாங்கும் உறைவித்துகளாக ஒளிந்திருக்கும் பாக்டீரியாக்கள் ஈரம் கண்டு முளைவிட்டால்தான் குக்கரில் எளிதாக மடியும். ஊறியதை அரைவேக்காடாக, தோல் வெடிக்காமல் வேகவைத்து, துணியில் பரப்பி, கையில் எடுத்தால் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்தி, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பிப் பஞ்சால் அடைத்து, குக்கரில் குறைந்தது ஒன்றரை மணிநேரம் வைக்க வேண்டும். அவ்வளவு நேரத்துக்குக் குக்கரில் தண்ணீர் போதுமா என்பதை முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். வற்றினால் பாட்டில் வெடிக்கும். நன்றாக ஆறிய பிறகு தட்டிலிருந்து சிறு சதுரங்களை வெட்டிப் போட்டு, நாலைந்து நாளில் ஒருமுறை குலுக்கிவிட்டால், இரண்டு வாரம் சுமாருக்குள் சோளம் முழுவதும் வெண்மையாகிவிடும். பாட்டிலின் கண்ணாடியோரம் ஈரத் திட்டு தெரிந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

வைக்கோல் எங்களுக்குத் திருவாடானைப் பக்கத்திலிருந்து வருகிறது. மானாவாரி நெல் அறுவடை தை, மாசியில் முடிந்ததும் பொன்னிறமாகக் கிடைக்கும் வைக்கோலை அப்போதே வாங்கி மழை படாமல் அடுக்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை நனைந்து காய்ந்த வைக்கோலில் வேறு பூசணங்கள் குடியேறிவிட்டிருக்கும். விரல் நீளத்துக்கு நறுக்கி, நாலைந்து மணிநேரம் ஊறவைத்து, ஒரு மணிநேரம் கொதிநீரில் வேகவைத்து, முறுக்கிப் பிழிந்தால் நீர் சொட்டாமல் உள்ளங்கை மட்டும் ஈரமாகும் பதத்தில் படுக்கை கட்டுவது எல்லா ஊருக்கும் பொதுவானது.

எங்கள் கரைக்கு மட்டும் உரிய சிக்கல் தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பெரும்பாலானவை உவர்ப்பு. அந்த நீரில் ஊறவைத்து, அதே நீரில் கொதிக்கவைத்தால், ஆவியாகும் நீர் போக உப்பு வைக்கோலில் தங்கி, உலரும்போது இன்னும் செறிவாகிறது. இழை அதில் பரவாமலில்லை; ஆனால் தயங்கித் தயங்கிப் பரவுகிறது, அந்தத் தயக்கத்தில் பச்சைப் பூசணம் முந்திக்கொள்கிறது. பையின் துளைகளைச் சுற்றி வெண்ணிறப் பொருக்கு படிந்தால் அது இழையா உப்பா என்று நாக்கில் வைத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்துவைத்த நீரையோ, ஐப்பசி, கார்த்திகையில் கூரையிலிருந்து பிடித்த மழைநீரையோதான் வைக்கோலுக்கும் தெளிப்பதற்கும் பயன்படுத்த வேண்டும். குடிக்கவே அளந்து பிடிக்கும் தண்ணீரை வைக்கோலுக்குக் கொட்டுவதா என்று வீட்டில் எழும் கேள்வி நியாயமானதே. அதனால்தான் இங்கே காளான் வளர்ப்பின் அளவைத் தீர்மானிப்பது இடமோ வைக்கோலோ அல்ல, மழைநீர்த் தொட்டியின் கொள்ளளவு.

உவர்நீரைச் சோதிக்கவும் தட்டு உதவுகிறது. ஒரே கூழை நல்ல நீரிலும் கிணற்று நீரிலும் தனித்தனியே காய்ச்சி, ஒரே வளர்ப்பிலிருந்து ஒரே அளவுத் துண்டுகளை வைத்து, இழை பரவும் விட்டத்தை அளவுகோலால் நாள்தோறும் குறித்தால், அந்தக் கிணற்று நீர் தாங்கக்கூடியதா இல்லையா என்பது ஒரு வாரத்தில் தெளிவாகிவிடும். வைக்கோலை வீணாக்கித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

விளைச்சல் அறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பனையோலை வேய்ந்த கொட்டகை, மணல் பரப்பிய தரை, பக்கவாட்டில் நனைத்த சாக்கு, ஈக்கள் நுழையாத நுண்துளை நைலான் வலை ஆகியவை போதும். மீன்வலையும் சாதாரணக் கொசுவலையும் காளான் ஈயைத் தடுப்பதில்லை. தண்டு நீண்டு குடை சிறுத்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். குடையின் ஓரம் காய்ந்து வெடித்தால் ஈரம் போதவில்லை. மொட்டு தெரிந்த மூன்றாம் நாளளவில், விளிம்பு விரிந்து நிமிர்வதற்கு முன்னால் பறித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் வெண்பொடியாக நுண்வித்துக்கள் கொட்டத் தொடங்கும். மூடிய கொட்டகையில் அதை நாள்தோறும் சுவாசித்தால் இருமலும் ஒவ்வாமையும் வரும் என்பதால், பறிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது.

பருவத்தைப் பொறுத்தவரை, கார்த்திகை முதல் மாசி வரை வெள்ளைச் சிப்பிக்காளான் இங்கே தடையின்றி வருகிறது. பங்குனி பிறந்ததும் அது தளர்ந்துவிடுகிறது. விற்பனையின் கணக்கோ நேர்மாறாக இருக்கிறது. மீன் தாராளமாகக் கிடைக்கும் மாதங்களில் இந்தக் கரையில் காளானைத் தேடி வருவோர் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில், விசைப்படகுகள் கரையேறி மீன் விலை உயரும்போதுதான் “காளான் இருக்கா?” என்று கேட்டு வருகிறார்கள். அந்த நேரத்தில் வெள்ளைச் சிப்பிக்காளானை வற்புறுத்தி வளர்ப்பது தண்ணீருக்குக் கேடு. வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் இளஞ்சிவப்புச் சிப்பிக்காளானை அப்போது வளர்க்கலாம். ஆனால் அது பறித்த மறுநாளே வதங்கிவிடுவதால், தெருவுக்குள் விற்க மட்டுமே உதவும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏ.பி.கே. 2 பால் காளான் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை விரும்புவது. பல நாள் கெடாமலும் இருக்கும். படுக்கையின்மேல் வேகவைத்த மண்ணைப் பரப்பும் கூடுதல் வேலை ஒன்றுதான் அதற்கு உண்டு.

ஆகவே இப்போது என் ஆண்டுக் கணக்கு தட்டிலிருந்து பின்னோக்கிப் போடப்படுகிறது. தடைக் காலத்தில் பால் காளான் பறிக்க வேண்டுமானால், அதன் அகர்த் துண்டை வடிநீர்க் குப்பியிலிருந்து தை இறுதியில் எழுப்ப வேண்டும். மாசியில் சோளத்துக்கு மாற்றி, பங்குனி தொடக்கத்தில் படுக்கை கட்டி, இழை பரவியதும் மண் போட்டுவிட வேண்டும். வெள்ளைச் சிப்பிக்காளானின் தட்டை அதே மாசியில், கடைசி நல்ல கொத்திலிருந்து புதிதாக எடுத்து, சாய்வுக் குப்பிக்கு மாற்றி, பெயரும் தேதியும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் மீன் வைக்காத அடுக்கில் வைத்துவிட்டால், ஐப்பசி மழை தொடங்கும்வரை அதைத் தொட வேண்டியதில்லை.